மூன்றாவது கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகருக்கு வெளியே ஒரு புல்வெளி. வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. எல்லாக் கார்களின் டிக்கியும் திறந்திருக்கிறது. பழைய பாத்திரம், குழந்தைகளின் சைக்கிள், சுத்தியல், ரம்பம், படம் மாட்டும் சட்டம் என்று வீட்டில் வேண்டாததையெல்லாம் பரப்பி வைத்திருக்கிறார்கள். 'கார் பூட் சேல்' என்று அங்கே சொல்வார்கள். கோடைக்காலத்தில் பல ஊர்களில் நடக்கும் சந்தை அது.

பவானிப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த அந்த விவசாயிக்கு, வந்த ஒரு மாதத்தில் முதல்முறையாக முகம் மலர்ந்தது அங்கேதான். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு கடை கடையாகப் பார்த்து வந்தவர், ஒரு காரின் பின்னால் சாய்த்து வைத்திருந்த துருப்பிடித்த சாமான் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். இரும்பும் அலுமினியமும் மரப்பலகையுமாக மடங்கிக் கிடந்தது. ஓரத்தில் இரண்டு கைப்பிடிகள். திருப்பிப் பார்த்தார். அசையவில்லை.

"அப்பிச்சி, அது ஒடஞ்சது. வேண்டாம்" என்றான் பேரன்.

"ஒடையல சாமி. இறுகிப் போய்க் கெடக்குது."

விலை பத்துப் பவுண்டு. நம்மூர்க் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். விரலைக் காட்டியே பேரம் பேசி ஏழுக்கு முடித்தார். காரில் ஏற்றும்போது மகள் கேட்டார்: "ஏனுங்கப்பா, இதைக் கொண்டுபோயி என்ன பண்ணப் போறீங்க?"

"பாக்கலாம் கண்ணு" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

பிடிக்காத கை

அவருக்கு வயது அறுபத்தெட்டு. காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் தோட்டம். மஞ்சளும் வாழையும் மாறி மாறி வைத்து வந்தவர். மம்பட்டிக்குப் பிடி போடுவது, களைக்கொத்துக்கு ஆப்பு அடிப்பது, அருவாளுக்குப் பூண் மாட்டுவது என்று எதற்கும் ஆசாரியைத் தேடிப் போகாதவர். தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, இடது கையால் பிடித்து வலது கையால் செதுக்குவார். அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் பிடி போட அவரிடம்தான் வருவார்கள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. சிகிச்சையில் நடை திரும்பியது, பேச்சும் திரும்பியது. இடது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. தூக்க முடியும், தள்ள முடியும். ஆனால் விரல்கள் எதையும் இறுக்கிப் பிடிக்காது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் ஆள் வேண்டும். களைக்கொத்தின் பிடி ஒருநாள் கழன்று விழுந்தபோது, அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாராம். பிறகு ஆசாரியிடம் கொடுத்தனுப்பினார். அதற்குப் பின் தோட்டத்துப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், மூன்று ஏக்கரையும் ஐந்து வருடக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றார். அவர் மறுக்கவில்லை. "போயிட்டு வந்து கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மகள் வீட்டுக்கு விமானம் ஏறினார். ஆறு மாத விசா. அங்கே வேளைக்குச் சாப்பாடு, சாயங்காலம் நடை, மீதி நேரம் ஜன்னல். அந்த ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவில்தான் இந்த மேசை வந்து நின்றது.

அறுபட்ட நாற்காலியில் பிறந்தது

அவர் வாங்கி வந்தது 'வொர்க்மேட்' என்ற மடக்கு வேலை மேசை. பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்தச் சாமானுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

ரான் ஹிக்மன் என்பவர் 1932-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். இங்கிலாந்து வந்து கார் வடிவமைப்பாளரானார். லோட்டஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற எலான் காரை வடிவமைத்தவர் இவர்தான். 1961-ல் தன் வீட்டுக்கு ஓர் அலமாரி செய்துகொண்டிருந்தார். பலகையை அறுக்கத் தனி மேசை இல்லாததால், நல்ல நாற்காலி ஒன்றின் மேல் வைத்து அறுத்தார். பலகையோடு சேர்த்து நாற்காலியும் அறுபட்டுவிட்டது.

வேறொருவராக இருந்தால் நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பார். ஹிக்மன் யோசித்தார். சொந்தப் பட்டறை இல்லாத, சின்ன வீட்டில் இருக்கிற மனிதன் மரவேலை செய்ய என்ன வேண்டும்? பலகை அசையாமல் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மேசை மடங்கி ஒரு மூலைக்குப் போய்விட வேண்டும். அந்த இரண்டையும் சேர்த்ததுதான் அவருடைய மேசை. மேசையின் மேல்பலகையே இரண்டாகப் பிரிந்து, திருகைத் திருப்பினால் நெருங்கி, நடுவில் வைத்ததைக் கவ்விப் பிடிக்கும். அதாவது, மேசை முழுவதும் ஒரே வைஸ்.

இதைப் பல கருவி நிறுவனங்களுக்குக் காட்டினார். எல்லாரும் வேண்டாம் என்றார்கள். சில டஜன்கள்தான் விற்கும் என்று ஒரு நிறுவனம் கணித்தது. பின்னாளில் இதைத் தயாரித்த பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனமும் முதலில் மறுத்ததுதான். ஹிக்மன் விடவில்லை. 1968 முதல் தானே செய்து தானே விற்றார். விற்பனையைப் பார்த்த பிறகு பிளாக் அண்ட் டெக்கர் உரிமம் பெற்று 1972-ல் தயாரிப்பைத் தொடங்கியது. 1981-க்குள் ஒரு கோடி மேசைகள் விற்றுவிட்டன. நகலெடுத்தவர்களை எதிர்த்து நீதிமன்றம் ஏறித் தன் காப்புரிமையையும் அவர் காப்பாற்றிக்கொண்டார். 2011-ல், 78 வயதில், ஜெர்சி தீவில் காலமானார்.

கோடிக்கணக்கில் விற்றதால், இங்கிலாந்தில் பழைய வீட்டுக் கொட்டகைகளில் இன்றும் இவை கிடக்கின்றன. அவற்றைத் தேடி வாங்கிப் பழுதுபார்ப்பதைப் பொழுதுபோக்காகவே வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் குறிப்பாகத் தேடுவது 1970-களின் மேசைகளை. அவற்றின் சட்டங்கள் கனமான அலுமினிய வார்ப்பு. பின்னால் வந்த மலிவான வகைகள் பலவற்றில் வளைத்த இரும்புத் தகடுதான். பழையதில் ஏறக்குறைய எல்லா இணைப்பும் நட்டு, போல்ட்டு. ஸ்பேனர் இருந்தால் கடைசித் துண்டு வரை கழற்றலாம், திரும்பப் பூட்டலாம்.

அவசரத்தில் ஒடிந்த காது

முதல் மேசையை அவர் கெடுத்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

திருகு அசையவில்லை. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால், அரிப்பு ஏற்பட்டு இறுகிக்கொள்ளும். அவருக்கு அது தெரியாது. இரும்புக் கலப்பையைத் தட்டிப் பழகியவர் சுத்தியலை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டில் வார்ப்பின் காது ஒடிந்து விழுந்தது. வார்ப்பு அலுமினியம் வளையாது, ஒடியும். நம்மூர் வெல்டிங் பட்டறையில் இரும்புக்குப் பயன்படும் குச்சியை வைத்து அதை ஒட்டவும் முடியாது. அதற்கு வேறு முறை, வேறு கை வேண்டும்.

அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. "கைதான் போச்சுன்னு பாத்தா, இப்பப் பக்குவமும் போயிருச்சு" என்றார். மகள் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே காரை எடுத்து அப்பாவைச் சந்தைக்கு அழைத்துப்போனார். மழையில் நனைந்து பலகை உப்பிப்போன, ஆனால் சட்டம் முழுசாக இருந்த இன்னொரு மேசை ஐந்து பவுண்டுக்குக் கிடைத்தது. இரண்டைக் கழற்றி ஒன்றை நிமிர்த்துவது என்று முடிவானது.

இந்த முறை சுத்தியலை எடுக்கவில்லை. மருமகன் வாங்கிவந்த துரு இளக்கும் எண்ணெயைத் திருகிலும் நட்டிலும் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்தார். காலையில் கொஞ்சம் திருப்பினார், கொஞ்சம் பின்னால் விட்டார், மறுபடி எண்ணெய். மூன்றாவது நாள் 'கிரீச்' என்று ஒரு சத்தம். திருகு சுற்றியது. பேரன் கைதட்டினான்.

கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் பேரன் செல்போனில் படம் பிடித்தான். போல்ட்டுகளை வகைவகையாகப் பழைய டப்பாக்களில் போட்டு வைத்தார்கள். இரும்புத் திருகுகளை மட்டும் வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் தடவினார்கள். அலுமினியச் சட்டத்தை வினிகரில் போடவில்லை, அது அலுமினியத்தை அரிக்கும். சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதுமானதாக இருந்தது.

மேல்பலகைக்கு, உப்பிப்போன பழைய பலகையையே அச்சாக வைத்துப் புது பிளைவுட்டில் கோடு போட்டார்கள். துளைகளை டிரில்லில் போட்டது மருமகன். ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்தது பெரியவர். ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை பூசினார்கள். அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். துணியை விரித்து வெளியில் காயவைத்து, பிறகுதான் எறிய வேண்டும்.

திருகுக்கு கிரீஸ் போடலாம் என்றார் மருமகன். பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார். மரத்தூள் பறக்கிற இடத்தில் கிரீஸ் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த வருடம் மறுபடி இறுகும். மெழுகுவர்த்தியை எடுத்துத் திருகின் மரையில் தேய்த்தார். வழவழவென்று ஓடியது.

உள்ளங்கையால் ஒரு சுற்று

மேசை நின்றது. பரிசோதிக்க ஒரு வேலை வேண்டும். மகளின் வீட்டுத் தோட்டத்தில் பிடி உடைந்த மண்வெட்டி ஒன்று கிடந்தது. கடையில் ஆஷ் மரத்துக் கட்டை வாங்கினார்கள்.

கட்டையை இரண்டு பலகைக்கும் நடுவில் வைத்தார். வலது கைப்பிடியை வலது கையால் திருப்பினார். இடது கைப்பிடியின் முன்னால் ஒரு நொடி நின்றார். பிறகு இடது உள்ளங்கையை அதன் மேல் வைத்துத் தள்ளினார். அதைப் பிடிக்கத் தேவையில்லை, தள்ளினால் போதும். சுற்றியது. இன்னொரு தள்ளு. கட்டை இறுகியது.

இந்த மேசையில் இரண்டு திருகும் தனித்தனியாகச் சுற்றும். அதனால் ஒருபக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்த கட்டையையும் அப்படியே கவ்வும். மண்வெட்டிப் பிடி அப்படிப்பட்டதுதானே! கீழே உள்ள படியில் ஒரு காலை வைத்து மிதித்துக்கொண்டால் மேசை நகராது. நின்றபடியே, அரத்தை வலது கையில் எடுத்து ராவ ஆரம்பித்தார். இடது கை கட்டையின் மேல் சும்மா படிந்திருந்தது. பிடிக்க வேண்டிய வேலையை மேசை பார்த்துக்கொண்டது.

ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு நாலு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். சாயங்காலம் ஆப்பு அடித்து முடித்து, மண்வெட்டியைத் தரையில் ஊன்றி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் வெளியே வரவில்லை. அன்றைக்கு அப்பாவுக்குப் பிடித்த ராகிக்களியும் கீரையும் செய்தார்.

பக்கத்து வீட்டுப் பாட்டி

அரம் ராவும் சத்தம் வேலிக்கு அந்தப்பக்கமும் கேட்டிருக்க வேண்டும். எண்பது வயதைத் தாண்டிய பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் வந்தார். கணவர் இறந்து ஐந்து வருடமாகிறதாம். கொட்டகையில் அவருடைய மேசையும் இதே மாதிரி இறுகிக் கிடக்கிறது, பார்க்க முடியுமா என்று கேட்டார். மகள்தான் மொழிபெயர்த்தார்.

திருகைச் சரிசெய்வது இந்த முறை சுலபமாக இருந்தது. பலகையில்தான் கை நின்றது. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கப் போனவர், ஓரத்தில் பென்சில் கோடுகளைப் பார்த்தார். ஏதோ ஒரு கதவுக்கோ அலமாரிக்கோ எடுத்த அளவுகள். பக்கத்தில் எண்கள். நடுவில் ரம்பம் தவறிப் பட்ட தழும்பு ஒன்று.

உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டார். "இது அந்த மனுசன் எழுதி வச்சது. இதைத் தேய்ச்சா அந்தம்மாவுக்கு என்ன மிஞ்சும்?" என்றார். பலகையை ஈரத்துணியால் கூடத் துடைக்காமல், தூசியை மட்டும் தட்டிவிட்டு, இரும்பை மட்டும் சுத்தம் செய்து கொடுத்தார்.

அந்த அம்மா வந்து பார்த்தார். பென்சில் எண்கள் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, இதை நீங்களே ஊருக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

"வேண்டாம்னு சொல்லு கண்ணு. இங்கேயே யாராச்சும் வேலை செய்யுற எடத்துக்குக் கொடுக்கச் சொல்லு. மூலையில நின்னா மறுபடியும் இறுகிக்கும்."

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்கள் கூடி மரவேலை, பழுதுபார்ப்பு செய்யும் பொதுக் கொட்டகைகள் அங்கே பல ஊர்களில் உண்டு. 'மென்ஸ் ஷெட்' என்று பெயர். 1990-களில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய வழக்கம் இது. தனிமையில் கிடக்கும் வயதானவர்களுக்குப் பேச்சுத் துணையும் கைக்கு வேலையும் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். பாட்டியின் மேசை பக்கத்து ஊர்க் கொட்டகைக்குப் போனது. பெரியவரும் நாலைந்து முறை போய் வந்தார். மொழி தெரியாவிட்டாலும், உளி தீட்டும் இடத்தில் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

பூவரசம் பலகை

செப்டம்பரில் ஊர் திரும்பும்போது, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கிய மேசையை முழுக்கக் கழற்றினார்கள். பிளைவுட் பலகைகளைப் பேரனிடமே விட்டுவிட்டார். சட்டம், திருகு, நட்டு, போல்ட்டு மட்டும் துணிகளுக்கு நடுவில் பெட்டியில் ஏறின.

பவானியில் ஆசாரியிடம் போய் இரண்டு பலகை கேட்டார். வருடக்கணக்கில் நிழலில் காய்ந்த பூவரசு ஒன்று ஆசாரியிடம் இருந்தது. பச்சை மரமாக இருந்தால் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, திருகு நேராக ஓடாது. இழைத்துத் துளை போட்டுப் பூட்டியபோது, ஆசாரியே நாலைந்து முறை திருகைத் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இது இருந்தா எனக்கு எடுபிடிப் பையனே வேண்டாமாட்ட இருக்குதுங்க" என்றார்.

பழைய வொர்க்மேட் இங்கே கிடைப்பது அரிது. ஆனால் இதே அமைப்பில் மடக்கு மேசைகள் இந்தியாவிலும் விற்பனைக்கு இருக்கின்றன. வாங்குபவர் மூன்றைப் பார்க்க வேண்டும். இரண்டு திருகும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். நிமிர்த்தி நிறுத்தி, கைவைத்து அழுத்தினால் ஆடக்கூடாது. இணைப்புகள் ரிவிட்டாக இல்லாமல் நட்டு போல்ட்டாக இருந்தால், பின்னால் கழற்றிப் பழுதுபார்க்கலாம். கை நடுக்கம் உள்ளவர்கள், கையில் அடிபட்டவர்கள், தரையில் உட்கார முடியாதவர்கள் யாராக இருந்தாலும், கட்டையைப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். அருவாளையோ உளியையோ தீட்டும்போது மட்டும், வாய்ப்பகுதி வெளியே பார்த்தபடி இருக்க, நடுப்பகுதியை நன்றாகக் கவ்வியிருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

பெரியவரின் இடது கை இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. பிடிக்கும் என்று யாரும் உறுதி சொல்லவும் இல்லை. குத்தகைப் பத்திரம் மட்டும் மாற்றி எழுதப்பட்டது. இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் போயிருக்கிறது. வாய்க்காலை ஒட்டிய ஒரு ஏக்கரை அவர் விடவில்லை. அதில் மஞ்சள் நிற்கிறது.

வேப்பமரத்து நிழலில் மேசை விரிந்திருக்கிறது. காலையில் யாராவது மம்பட்டியையோ களைக்கொத்தையோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "இப்படி வச்சுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்கிறார். கட்டையை வைக்கிறார். வலது கைப்பிடி ஒரு சுற்று. இடது கைப்பிடிக்கு உள்ளங்கையால் ஒரு தள்ளு. சாயங்காலத்துக்குள் முடிகிறது.